ஸ்வெட்டருக்குள் இளைக்கும் உடம்பு: டேப் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் இளைப்பது சட்டென்று கண்ணில் படாது. ஸ்வெட்டர், மேலே சால்வை, தலையில் குல்லா. முகம் வாடுவதற்குள் கைகால் சதை கரைந்திருக்கும். தையல் டேப் ஒன்று போதும். சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள்.

முதலில் கெண்டைக்கால். எடை மெஷினில் ஏறி நிற்க முடியாதவருக்கும், கூன் விழுந்து உயரம் அளக்க முடியாதவருக்கும் இதுதான் கைகொடுக்கும். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். காலை இறுக்காமல் தளர்வாக விடட்டும். சதை தடிப்பாக உள்ள இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். தோலில் படிய வேண்டும், அமுக்கக் கூடாது. அப்புறம் சற்று மேலும் கீழும் நகர்த்தி அளந்து, கிடைப்பதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 31-க்குக் கீழே என்றால் சத்துக்குறைவைச் சந்தேகிக்கலாம். முதியோரின் சத்து நிலையைக் கணிக்கும் எம்.என்.ஏ. படிவத்தில், எடையும் உயரமும் எடுக்க முடியாதபோது பார்ப்பது இந்த 31-ஐத்தான்.

ஆனால் கால் வீங்கியிருந்தால் இந்த எண் ஏமாற்றும். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்துங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர். அளவை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து மேற்கை. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு அளப்பது வீண், கழற்றத்தான் வேண்டும். குளிருமே என்றால் மதிய வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். கையைத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் சுற்றுங்கள். 23.5-க்குக் கீழே போனால் எடை குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

எடை பார்க்க முடிந்தால் அதே மெஷின், மெல்லிய உடை. 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் தானாகவே 47.5-க்கு வந்துவிட்டால், அது 5 சதவீத இறக்கம். வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள்.

எண் குறைவா? சரி, உடனே டானிக் பாட்டில் வாங்க ஓடாதீர்கள். ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். "டீயும் ரெண்டு வர்க்கியும் போதும்பா" என்பார். பல் செட் கழன்று ஆடுகிறதா, விழுங்கக் கஷ்டமா, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவும் உடம்பை இளைக்க வைக்கும். அளவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமும் காட்டலாம். அடுத்த மாதம் அளக்கும்போதும் அதே கால், அதே கை.