ஆயிரம் எபிசோட் பார்த்தவரும் சறுக்கும் இடங்கள்

"அனிமே பார்க்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று யாராவது கேட்டால் போதும், ஜப்பானிய அனிமேஷன் தொடர்களிலும் படங்களிலும் ஊறிய நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். கேட்டவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் 'ஒன் பீஸ்' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அது உயிர்தான். ஆனால் 1999-இல் ஒளிபரப்பாகத் தொடங்கி ஆயிரம் எபிசோடைத் தாண்டியும் முடியாத தொடரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கிற மனிதரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? இருபதாவது எபிசோடில் ஓடிவிடுவார். அப்புறம் 'அனிமே எனக்கு ஒத்துவராது' என்பார். துப்பறியும் கதை பிடித்தவருக்கு 37 எபிசோடில் முடிகிற 'டெத் நோட்' இருக்கிறது. காதல் படம் பார்ப்பவருக்கு ஒரே மாலையில் முடிகிற 'யுவர் நேம்' இருக்கிறது. நமக்குப் பிடித்ததை நிரூபிக்கும் இடம் அதுவல்ல.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத் தவறு பெற்றோருடையது. வரைந்த படம் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நினைத்துக்கொள்வது. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்', 'மை நெய்பர் டோட்டோரோ' இரண்டையும் 1988-இல் ஜப்பானில் ஒரே காட்சியில் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். ஒன்று, போரில் பெற்றோரை இழந்து பசியில் வாடும் அண்ணன் தங்கையின் கதை; மற்றது நாலு வயதுக் குழந்தையும் சிரித்துப் பார்க்கிற படம். இரண்டையும் எடுத்த ஸ்டூடியோ ஜிப்லி என்ற பெயரை மட்டும் நம்பிப் பிள்ளைகளை உட்காரவைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் தமிழில் ஓடிய ஷின்சானுக்கு மூலமான மங்காவே, அதாவது ஜப்பானிய காமிக்ஸே, 1990-இல் பெரியவர்களுக்கான பத்திரிகையில்தான் தொடங்கியது.

சரி, தீவிர ரசிகர்களிடம் வருவோம். இவர்களில் பலர் பரீட்சைக்குப் போர்ஷன் முடிக்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஃபில்லர் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். வாராவாரம் ஒளிபரப்பாகும் தொடர், அதே நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் மங்காவை எட்டிப்பிடித்துவிடும். மூலக்கதை முன்னே நகரும்வரை தொலைக்காட்சிக்காரர்கள் சொந்தமாகக் கதை கட்டி நேரத்தை நிரப்புவார்கள். 220 எபிசோட் கொண்ட முதல் 'நருட்டோ'வில் 136-க்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே இப்படி வந்தவைதான். ஒன்றுகூட விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் பார்த்து, பாதியிலேயே சலித்துப்போனவர்கள் உண்டு. பிடிக்கவில்லையா, தாண்டிவிடுங்கள். யாரும் வருகைப்பதிவு எடுக்கப்போவதில்லை.

அதற்காக, மங்காவில் இல்லாததெல்லாம் போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2003-இல் தொடராக வந்தபோது மங்கா முடியவே இல்லை. அதனால் பின்பாதியில் கதை தனக்கென்று ஒரு வழியில் போனது. மூலத்தை ஒட்டி 64 எபிசோடில் 'பிரதர்ஹுட்' வந்தது 2009-இல். பழையதைத் தொடவே தொடாதே என்று எச்சரிப்பவர்கள் நிறைய. என் கணக்கில், கதையின் நாயகர்களான அண்ணன் தம்பியின் துக்கத்தைப் பழைய தொடர்தான் ஆழமாகத் தொட்டது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. 'இவாஞ்சலியன்' தொடரின் 24-ஆம் எபிசோடில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி பின்னால் ஒலிக்க, ஏறக்குறைய ஒரு நிமிடம் திரையில் ஒரே படம் அசையாமல் நிற்கும். நாயகன் என்ன முடிவெடுக்கப்போகிறான் என்று நாம் தவிக்க வேண்டிய நேரம் அது. அதற்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர் ஆகிவிடும். வேகத்தைக் கூட்டினால் அந்தத் தவிப்பும் போகும், இசையும் போகும்.

அடுத்தது டப் சண்டை. தமிழில் பார்ப்பவன் ரசிகனே இல்லை என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. உதட்டசைவு ஒட்டவில்லையாம். ஜப்பானிய அனிமேயில் பெரும்பாலும் மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய் என்று மூன்றே நிலைகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். குரலும் படத்தைப் பார்த்துப் பேசிச் சேர்ப்பதுதான். ஆக, ஜப்பானிய மொழியிலேயே அது கச்சிதமாக ஒட்டுவதில்லை. 2025-இல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' நம் தியேட்டர்களில் தமிழிலும் வந்தது, சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியாதவர்களும் போய்ப் பார்க்க முடிந்தது. சோகக் காட்சியில் சினிமா பஞ்ச் வசனத்தைச் செருகும் டப்பிங்கைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

ஆனால் திட்டுவதற்கும் ஆள் பார்க்க வேண்டும். 'அட்டாக் ஆன் டைட்டன்' கடைசி சீசன் 2020-இல் விட் ஸ்டூடியோவிடமிருந்து மாப்பா என்ற வேறொரு ஸ்டூடியோவுக்கு மாறியபோது, படம் வரைந்தவர்களையே தேடிப்போய் வசைபாடினார்கள். எத்தனை நாளில் முடிக்க வேண்டும், எவ்வளவு பணம் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம் ஆகியவை பணம் போட்டுச் சேர்ந்த தயாரிப்புக் குழு. ஓர் அசைவின் முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைகிற இளைஞருக்கோ, பல இடங்களில் படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

அவர்கள் பெயர்கள் ஓடும் கடைசி ஒன்றரை நிமிடத்தைத்தான் எல்லோரும் 'ஸ்கிப்' செய்கிறோம். அடுத்து என்ன பார்ப்பது என்பதற்கு மதிப்பெண் பட்டியலைவிட நல்ல வழிகாட்டி அங்கேதான் இருக்கிறது. 'எ சைலன்ட் வாய்ஸ்' பிடித்திருந்தால், இயக்கியவர் நவோகோ யமடா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் 2018-இல் எடுத்த 'லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்' உங்களுக்கு அநேகமாகப் பிடிக்கும். அது வேறொரு நீண்ட தொடரின் கிளைக்கதை, முதலில் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். பார்க்காவிட்டாலும் புரியும், தைரியமாகப் போடுங்கள்.