ஊர் கூடித் தைக்கும் நினைவுத் துணி: முதன்முறை தைப்பவர்களுக்கு

சென்ற வருடம் காரைதீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் 12 பேர் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு துணி தைத்தோம். 4 அடி அகலம், 5 அடி உயரம். கடல் கொண்டுபோனவர்களும், சண்டைக் காலத்தில் வீடு திரும்பாதவர்களும், அதற்கெல்லாம் பிறகு பிறந்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். இந்தக் கரையோரத்தில் பல வீடுகளில், அலுமாரியின் அடித்தட்டில், யாரும் உடுத்தாத ஒரு உடுப்பு மடித்தபடி இருக்கும்.

அந்தத் துணியைப் பார்த்த சிலர் தங்கள் ஊரிலும் செய்ய வேண்டும் என்றார்கள். அதனால் நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தால் போதும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வேலை இல்லை. சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்கின் மேல் பழைய துணித் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் உடுப்பையே வெட்டித் தைத்தார்கள். அதற்கு அர்பியேரா என்று பெயர். அந்தச் சொல்லின் அர்த்தமும் சாக்குத்துணிதான். அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1987 இல் தொடங்கிய துணியில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. நாங்கள் ஒரு அடிச் சதுரம் எடுத்தோம். மடியில் வைத்துத் தைக்கலாம், பஸ்ஸிலும் கொண்டுபோகலாம்.

படி 1: முதல் நாள் ஊசியை எடுக்க வேண்டாம்

தேத்தண்ணி வைத்து, பேச மட்டும் கூடுங்கள். யாருக்காகத் தைக்கிறோம் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயங்களை அன்றைக்கே முடிவு செய்யுங்கள்: முடிந்த பிறகு துணி யார் வீட்டில் இருக்கும், எங்கே தொங்கும், போட்டோ எடுக்கலாமா. பெயர் தைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த வீட்டாரின் முடிவு. எங்களோடு நெசவு ஊரான மருதமுனையிலிருந்து இரண்டு முஸ்லிம் ராத்தாமார் வந்து தைத்தார்கள். அவர்கள் மனித உருவம் தைக்க விரும்பவில்லை. தறித் துணியில் மிஞ்சிய கரைகளை வைத்து ஒரு கதவு தைத்தார்கள். ஆண்கள் வரமாட்டார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். கடற்தொழில் செய்கிற மாமா ஒருவர் வலை பின்னுகிற நூலோடு வந்து, கடைசியில் ஓரம் முழுவதையும் அவரே கட்டித் தந்தார்.

படி 2: துணி சேர்த்தல்

பழைய பருத்திச் சாறி, சாரம், தையல் கடையில் மிஞ்சும் துண்டு எல்லாம் உதவும். புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம்.

போனவர்களின் உடுப்பை மட்டும் கேட்காமல் கழுவக் கூடாது. சிலருக்கு அதில் இருக்கிற வாசம்தான் மிச்சம். கழுவாமல் நிழலில் காற்றாட விட்டால் போதும். அப்படி ஒரு துண்டு சேர்ந்தால், முடிந்த துணியையும் பிறகு ஒருநாளும் கழுவ முடியாது. இதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு அக்கா மகனின் பள்ளிக்கூடச் சேட்டு (சட்டை) ஒன்றைக் கொண்டுவந்தார். நான் பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சேட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு கிழமையும் வந்து, மற்றவர்களுக்கு ஊசி கோர்த்துக் கொடுத்தபடியே இருந்தார். மூன்றாவது கிழமை ஒரு பிளேட் கேட்டார். நெஞ்சுப் பையின் தையலை ஒவ்வொரு கண்ணாகத் தானே பிரித்தார். பை இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தை விட வெள்ளையாக இருந்தது. பையின் அடியில் பேனா மை ஊறி நீலமாகக் கிடந்தது. அந்தப் பையைச் சதுரத்தின் நடுவில் வைத்து மூன்று பக்கமும் தைத்தார், மேல் பக்கத்தைத் திறந்தே விட்டார். சேட்டு அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் "வெட்டலாமா?" என்று கேட்கிறோம். ஒருமுறை ஆம் என்றவரிடமும் மறுபடி கேட்கிறோம்.

படி 3: அளவும் வெட்டும்

அடித்துணிக்குத் தடித்த வெள்ளைப் பருத்தி நல்லது. 12 அங்குலச் சதுரத்துக்கு 13 அங்குலமாக வெட்டுங்கள், சுற்றிவர அரை அங்குலம் தையலுக்குப் போகும். காட்போட்டில் ஒரு அளவு வெட்டி வைத்தால் எல்லாம் ஒன்றுபோல வரும். அகலத்தில் 4, உயரத்தில் 5, மொத்தம் 20 சதுரம். 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீற்றர் போதும்.

படி 4: தைத்தல்

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும். உருவத்தைக் கால் அங்குலம் கூட்டி வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓரத்தில் சின்னத் தையல் போட்டுப் பெரிய தையலை உருவிவிடலாம்.

பெயர் எழுதப் பென்சில் போதும். பேனா பிறகு கசியும். எழுத்துக்குச் சங்கிலித் தையல் அழகு. நம் எழுத்தில் வளைவு அதிகம், அதனால் வளைவில் தையலைச் சின்னதாக்குங்கள், நேர்கோட்டில் பெரிதாக்கலாம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு, நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, வெளியே வந்த இடத்துக்கு ஒட்டினாற்போல் குத்தி இழுங்கள். ஒரு சின்ன முடிச்சு உட்காரும்.

என்ன தைப்பது? 10 சதுரம் இழப்புக்கு, 10 சதுரம் நம்பிக்கைக்கு என்று நான் முதலில் பிரித்து வைத்திருந்தேன். அது பிழை. ஒருவரிடம் போய் நம்பிக்கையைத் தையுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் பெரியம்மா கடல் கொண்டுபோன வீட்டின் வாசற்படியைத் தைத்தார். அதே சதுரத்தில், பிறகு கட்டித் தந்த வீட்டு முற்றத்தில் தான் நட்ட முருங்கைக் கொம்பையும் தைத்தார். கொம்பில் இலை எத்தனை என்று எண்ணித்தான் வைத்தார். அப்படித் தானாக வரட்டும், காத்திருங்கள்.

படி 5: இணைத்தல்

20 சதுரத்தையும் நிலத்தில் பரப்பி, எல்லாரும் சேர்ந்து இடம் மாற்றிப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று வீட்டார் சொல்வார்கள், அதைக் கேளுங்கள். நான்கு நான்காக வரிசை தைத்து, அயன் பண்ணி, பிறகு வரிசைகளைச் சேருங்கள். இந்த இடத்தில் மெஷின் பாவிக்கலாம். நைலெக்ஸ் துண்டு இருந்தால் மேலே பருத்தித் துணி போட்டுத்தான் அயன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகிவிடும். பின்னால் ஒரு பழைய சாறியை விரித்து, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இரண்டையும் பிடித்துவிடுங்கள். மேல் ஓரத்தின் பின்புறம் 4 அங்குல அகலக் குழாய் போல ஒரு பட்டி தைத்தால் மூங்கில் தடி நுழைக்கலாம்.

படி 6: வைத்துக்காத்தல்

தைப்பொங்கல் கழிந்து தொடங்குங்கள். மாரியில் ஈரத் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்றும் சேரும். மடித்து வைத்தால் மடிப்பில் கிழியும், பொலித்தீனில் சுற்றினால் வியர்க்கும். முன்பக்கம் வெளியே இருக்கும்படி தடியில் சுருட்டி, பருத்திச் சாறியால் சுற்றி, வெயில் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

எங்கள் துணியைச் சுருட்டும்போது அந்தச் சேட்டுப் பையை ஒருமுறை மெல்லத் தடவிப் பார்ப்போம். துணியைத் தொங்கவிட்ட நாளில் அக்கா அதற்குள் எதையோ நாலாக மடித்து வைத்தார். உங்கள் துணியிலும் இப்படி ஒரு பை இருந்தால், உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்காமல், கசங்காமல் சுருட்டுங்கள்.