முள்ளு கத்தரிக்காய் கம்மல்: பாலிமர் க்ளே நகை செய்து விற்பது எப்படி?

என் மேசை மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் விரல் நீளத்துக்கு வண்ணப் பட்டைகள். ஒவ்வொன்றின் மீதும் ஊசியால் தேதி கீறியிருப்பேன். க்ளே நகை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கம்மலைக் காட்டுவதற்கு முன்னால் இந்த டப்பாவைத்தான் திறந்து காட்டுவேன். காரணம், அடுப்புக்கு வரும்போது புரியும்.

இன்று செய்யப்போவது நம்ம ஊர் முள்ளு கத்தரிக்காய். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இலவம்பாடியில் விளைவது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதற்குத்தான். உருவம் எளிது. முதல் கம்மலுக்கு இதைவிடப் பொருத்தமான காய் எனக்குத் தெரியவில்லை.

பாலிமர் க்ளே என்ற பெயரில்தான் களிமண் இருக்கிறது, பொருளில் இல்லை. பி.வி.சி. பிளாஸ்டிக் தூள், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், நிறம், இவ்வளவுதான். "மாடியில் காய வைக்கலாமா அக்கா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கூடாது. வெயிலிலும் காற்றிலும் இது ஒழுங்காக இறுகாது, அடுப்புச் சூட்டில்தான் இறுகும். டெரகோட்டா கம்மல் எடை கூடியது, தரையில் விழுந்தால் உடையும். இது இலேசு. சரியாக வெந்தால் வளைந்தும் கொடுக்கும்.

வாங்க வேண்டியவை

ஃபிமோ, ஸ்கல்ப்பி, செர்னிட் எல்லாம் நல்ல பிராண்டுகள். தொடங்கும்போது ஏதாவது ஒன்றில் மட்டும் வாங்குங்கள். வேக வைக்கும் சூடு பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் கலந்தால் குழப்பம்தான். மெஜந்தா, நீலம், வெள்ளை, பச்சை என நான்கு கட்டி போதும். அப்புறம் ஒரு வழவழப்பான டைல்ஸ் துண்டு, நேரான எவர்சில்வர் டம்ளர், கட்டர் பிளேடு, தையல் ஊசி, சிறிய குறடு, தலைப்பக்கம் வளையம் உள்ள கம்பி, கம்மல் கொக்கி. கொக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான கொக்கியில் இருக்கும் நிக்கல் பலருக்குக் காதைப் புண்ணாக்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது.

க்ளேவுக்குப் பயன்படுத்திய டம்ளரும் பிளேடும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மே மாதம் க்ளே ஆர்டர் செய்யாதீர்கள். கத்திரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் நாள் கணக்கில் கிடந்தால் கட்டி பாதி வெந்த மாதிரி ஆகிவிடும். நான் ஒருமுறை அப்படி வாங்கிய ஆறு கட்டியும் பிரித்ததும் பிட்டு போல உதிர்ந்தன. ஒரு சொட்டு பேபி ஆயில் விட்டுப் பிசைந்ததில் இரண்டு தேறின, மற்ற நான்கும் வீண். இப்போதெல்லாம் கார்த்திகை, மார்கழியிலேயே வருஷத்துக்கு வாங்கி, பீரோவின் அடித்தட்டில் இருட்டில் வைத்துவிடுகிறேன்.

பிசைந்து நிறம் சேர்ப்பது

கையைக் கழுவித் துடைத்துவிட்டு முதலில் வெள்ளையைத் தொடுங்கள், அடர்ந்த நிறங்கள் பிறகு. வெள்ளை க்ளேவில் ஒரு தூசி ஒட்டினாலும் தெரியும். ஒவ்வொரு துண்டையும் சப்பாத்தி மாவு போல ஐந்து நிமிஷம் பிசையுங்கள். நீட்டி மடித்தால் விரிசல் விடாமல் இழுபட வேண்டும். நம்ம ஊர் வெக்கையில் பெரும்பாலும் நேரெதிராகத்தான் நடக்கும், கையோடு ஒட்டிக்கொண்டு குழையும். அப்போது இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் தட்டையாக வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் அதிகப்படி எண்ணெயைத் தாள் உறிஞ்சிவிடும்.

ஊதா நிறத்துக்குச் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தால் கிடைப்பது மங்கிய பழுப்பு. மெஜந்தாவோடு நீலம் சேருங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நீலம் சட்டென்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கடைசியில் பட்டாணி அளவு வெள்ளை. கோடு தெரியாமல் கலக்கும்வரை பிசையுங்கள்.

காய் செய்வது

ஊதாவில் ஒரே அளவாக இரண்டு உருண்டை எடுங்கள். கண்ணால் அளந்தால் ஒரு காது பெரிதாகிவிடும். கிராம் தராசு இருந்தால் உருண்டைக்கு இரண்டு கிராம் என்று நிறுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் உருட்டி ஒரு பக்கம் மட்டும் இலேசாக அழுத்தினால் கத்தரி வடிவம் வந்துவிடும்.

பச்சையை டம்ளரால் தாள் கனத்துக்குத் தேய்த்து ஐந்து முனை நட்சத்திரமாக வெட்டி, காய்த் தலையில் தொப்பி போலக் கவிழ்த்து, முனைகளை விரலால் நீவி விடுங்கள். இனி முள். கடுகில் பாதி அளவு பச்சையை உருட்டிக் கூராக்கி, ஊசி முனையில் குத்தி எடுத்துத் தொப்பி மேல் வைத்து, ஊசியைத் திருகி உருவுங்கள். ஒரு காய்க்கு ஐந்தாறு முள் போதும். இந்த முள்ளுக்குத்தான் பாதி நேரம் போகும், போகட்டும். இலவம்பாடிக் காய் என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

பிறகு கம்பி. வளையம் மேலே நிற்க, உள்ளே போகும் நுனியைக் குறடால் கொக்கி போல மடித்துவிட்டுச் செருகுங்கள். க்ளே உலோகத்தோடு ஒட்டாது. ஆரம்பத்தில் நேர்க்கம்பியாகவே செருகி விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் காதில் கொக்கி மட்டும் மிஞ்சி, காய் எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் போன் செய்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

வேக வைப்பது

கேக் செய்யும் சிறிய மின்சார அடுப்பான ஓ.டி.ஜி.தான் வசதி. மைக்ரோவேவ் முறையில் வைக்கவே கூடாது. முடிந்தால் க்ளேவுக்கென்று சிறிய அடுப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புத் திருகில் 130 என்று இருந்தால் உள்ளேயும் 130 இருக்கும் என்று நம்பாதீர்கள். என் அடுப்பில் 20 டிகிரி வரை வித்தியாசம் வருகிறது. அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, கால் மணி நேரம் சூடேற்றி, வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நின்ற பிறகு க்ளேவை வையுங்கள். சூடு எவ்வளவு என்பது உங்கள் கட்டியின் உறையில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 110இலிருந்து 130 டிகிரி செல்சியஸுக்குள். நேரம், 6 மி.மீ. கனத்துக்கு அரை மணி என்ற கணக்கு. நம் காய் ஒரு சென்டிமீட்டர் கனம் வரும், 50 நிமிஷம் கொடுங்கள்.

தட்டில் ஆப்ப சோடாவைப் பரப்பி அதில் காய்களைப் பதித்து வைத்தால் அடியில் தட்டையாகாது. மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல மூடுங்கள், அடுப்புக் கம்பியின் சூடு நேரே பட்டு நிறம் கருகாது. 175 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பிளாஸ்டிக் கருகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை வரும். அப்படி நெடி அடித்தால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே போய்விடுங்கள்.

டப்பாவில் இருக்கும் பட்டை இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே க்ளேவில் 2 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை செய்து காய்களோடு உள்ளே வையுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம், ஆற விடுங்கள். ஆறிய பட்டையை விரலால் வளையுங்கள். வளைந்து திரும்பினால் சூடு சரி. படக்கென்று முறிந்தால் வேகவில்லை, மொத்தத்தையும் மறுபடி வைக்கலாம், கெடாது. பட்டை மெலிசு, காய் தடிப்பு. அதனால் முதல் தடவை ஒரு காயை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே உதிராமல் ஓரம் போலவே நடுவும் இறுகியிருக்க வேண்டும். ஆசையாகச் செய்ததை வெட்ட மனசு வராதுதான். ஆனால் பத்து ஜோடி விற்ற பிறகு தெரிந்துகொள்வதற்கு இது மேல்.

சோடாவைக் கழுவிவிட்டு 600, 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் காயை மட்டும் தேயுங்கள். பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்தாலே மினுக்கம் வரும். இன்னும் பளபளப்பு வேண்டுமானால் தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசலாம். நெயில் பாலிஷ் வேண்டாம், நாள் போனால் பிசுபிசுக்கும். கொக்கி மாட்டும்போது கொக்கியின் வளையத்தை அகட்டாமல் பக்கவாட்டில் திருகித் திறங்கள்.

விலையும் விற்பனையும்

57 கிராம் கட்டி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு 5 கிராம், 18 ரூபாய். கொக்கியும் கம்பியும் 12, அட்டையும் உறையும் 10, கரண்டும் வார்னிஷும் 5. ஆக 45. பத்து ஜோடிக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் என்றால் ஜோடிக்கு 50. வீணாவதற்கு 10 சேர்த்தால் 105. இதற்குக் கீழே விற்றால் உங்கள் கூலி போகிறது என்று அர்த்தம். 180 வையுங்கள். கடையில் வைத்து விற்க 30 சதவீதம் கேட்டாலும் உங்களுக்கு 126 வரும். கூலியைச் சேர்க்காமல் "சும்மா இருந்த நேரம்தானே" என்று 80 ரூபாய்க்குக் கொடுக்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. முள் வைத்த விரலுக்கும் விலை உண்டு.

முதல் ஐந்து ஜோடியைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து ஒரு மாதம் போடச் சொல்லுங்கள். எங்கே கழன்றது, எங்கே கீறியது என்று கேட்டுத் திருத்திய பிறகு விற்பனைக்கு வாருங்கள். படம் எடுக்கக் காலை எட்டு மணி ஜன்னல் வெளிச்சம் போதும். காதில் மாட்டி ஒரு படம், ஒரு ரூபாய் நாணயத்தோடு ஒரு படம்.

காட்பாடிப் பக்கம் கல்லூரி விழாக்களில் மேசை போட்டால் வெளிமாநிலப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு இந்தக் காயைத் தெரியாது. அட்டையில் அதன் ஊரையும் கதையையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். "அக்கா, உடையாதா?" என்று கேட்டால் அன்றைய பட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்து வளைக்கச் சொல்லுங்கள். நான் அதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை.

பார்சலில் அனுப்பும்போது கொக்கி நுனி காயைக் கீறாமல் இரண்டையும் தனித்தனியாக அட்டையில் குத்தி, டிஷ்யூ சுற்றி, சிறிய டப்பாவில் போடுங்கள். கூடவே ஒரு ஜோடி கொக்கி உபரியாக வைத்தால், பழையது தொலைந்தாலும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.