கேப்டு பஸ்ட் அரை டாலர்: முதலில் ரகம், அப்புறம் கிரேடு

அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகளில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் கேப்டு பஸ்ட் அரை டாலரைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் தொப்பி போட்ட பெண்ணின் மார்பளவு உருவம், மறுபக்கம் கழுகு. 1807 முதல் 1836 வரை ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அடித்த காசு, ஜான் ரைக் வடிவமைத்தது. 1804-இல் வெள்ளி டாலர் அடிப்பது நின்றுபோனதால், அங்கே முப்பது ஆண்டு இதுதான் பெரிய வெள்ளிக் காசு. அதில் ஏராளமானவை கைமாறாமல் வங்கிப் பெட்டகங்களிலேயே கிடந்தன. அதனால் 200 வயதான காசு இன்றும் நல்ல நிலையில், கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது.

கிரேடு என்பது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்ற தரம். ரகம் என்பது அது எந்த அச்சுகளில் அடித்தது என்பது. பலரும் கிரேடு போட்டுவிட்டு அப்புறம் ரகம் தேடுகிறார்கள். இந்தக் காசுக்கு அது சரிவராது. ஏன் என்று கிரேடு பகுதியில் சொல்கிறேன்.

சாமான்கள்: 7 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, கழுத்து வளையும் மேசை விளக்கு. யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வேண்டாம். அது ஒரு நட்சத்திரத்தைத் திரை முழுக்கக் காட்டும். அந்த நட்சத்திரம் ஆண்டு எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டாது. நமக்கு வேண்டியதே அந்த இடைவெளிதான்.

படி 1: எடையும் விளிம்பும்

எடை 13.48 கிராம். தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். விளிம்பில் ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்ற எழுத்து ஓடும். எழுத்துக்குப் பதில் நெருக்கமான வரிகள் இருந்தால், அது 1836-இல் நீராவி எந்திரம் வந்தபின் அடித்த வேறு வகை. விளிம்பைச் சுற்றி வார்ப்புத் தையல், அதாவது வார்ப்பின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு, தெரிந்தால் போலி. மேலே போகவே வேண்டாம்.

படி 2: ரகம்

அச்சில் தலையும் கழுகும் மட்டுமே பொது மூலத்திலிருந்து வந்தவை. நட்சத்திரம், ஆண்டு எண், எழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் குத்தியவை. அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு தலையச்சும் ஒரு கழுகச்சும் சேர்ந்த ஜோடிதான் ஒரு ரகம். இந்த வரிசையில் அப்படி நானூறுக்கு மேல் உண்டு. அல் ஓவர்டன் என்ற நாணய ஆய்வாளர் இவற்றுக்கு எண் கொடுத்தார். எண்ணுக்கு முன்னால் வரும் ‘ஓ’ அவர் பெயரின் எழுத்து. ஒவ்வொரு ஆண்டும் ஓ-101-இல் தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் சின்ன ‘ஏ’ இருந்தால், அதே ஜோடிதான், ஆனால் அச்சு விரிசல் விட்டோ தேய்ந்தோ போனபின் அடித்தது.

தலைப்பக்கத்தில் ஆண்டு எண்ணை முதலில் பாருங்கள். 1817-இல் ‘7’-க்கு அடியில் பழைய ‘3’-இன் வளைவு எட்டிப் பார்த்தால் ஓ-101. அதே ஆண்டில் ‘4’-இன் மேல் ‘7’ குத்தியதும் உண்டு. அது ஓ-102, மிக அரிது. வாங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அடுத்து நட்சத்திரங்கள்: இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6. இடது கீழ் மூலையில் தொடங்கி எண்ண வேண்டும். முதலாவதும் பதின்மூன்றாவதும் ஆண்டு எண்ணை எந்த முனையால் பார்க்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி ரகங்கள் இதிலேயே கழிந்துவிடும்.

கழுகுப்பக்கத்தில், கழுகுக்கு மேலே ஓடும் ரிப்பனில் உள்ள வாசகத்தின் ஓர் எழுத்து, அதற்கு மேலே உள்ள நாட்டுப் பெயரின் எந்த எழுத்துக்கு நேர் கீழே வருகிறது என்று பாருங்கள். கண்ணால் அளக்காதீர்கள். கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுத்து, படத்தின் மேல் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கைப்பேசி கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு பக்கத்து எழுத்துக்குப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது 1813-இன் ஓ-101. நாட்டுப் பெயரைத் தொடங்க வேண்டிய இடத்தை விட்டு, அச்சு வெட்டியவர் மதிப்பு எழுதும் இடத்தில் ‘யுனைடெட்’ என்பதன் முதல் மூன்று எழுத்தான ‘யு, என், ஐ’ என்று குத்திவிட்டார். பிறகு அதன் மேலேயே ‘50 சி’ குத்தினார். விளக்கைச் சாய்த்தால் அந்த மூன்று எழுத்தும் தலைகீழாக அடியில் தெரியும்.

படி 3: கிரேடு

இங்கேதான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள்.

சட்டகம் எளிது, 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவுகோல். எண் கூடினால் நிலை நல்லது. தலைப்பட்டையில் உள்ள ‘லிபர்ட்டி’ முழுதாகப் படிக்க வந்தால் ஃபைன் 12. தோள் கொக்கி, அதாவது உடையைத் தோளில் பிடிக்கும் கொக்கி, தெளிவாக இருந்தால் வெரி ஃபைன். கன்னம், தொப்பி, காதுக்கு மேல் உள்ள சுருள் முடி ஆகியவற்றில் மட்டும் லேசான தேய்மானம் என்றால் ஏயு, அதாவது ஏறக்குறைய புழங்காத காசு.

ஆனால் பல ஜோடிகளில் தோள் கொக்கி அடிக்கும்போதே சரியாக எழவில்லை. கொக்கிக்கு நேர் பின்னால் கழுகுப்பக்கத்தில் ரிப்பன் வருகிறது. ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் உலோகம் கேட்டால் எதற்கும் முழுதாகக் கிடைக்காது. அதனால் கொக்கி மொழுக்கென்று இருப்பதை மட்டும் பார்த்து ஃபைன் என்று தள்ளாதீர்கள். காசைத் திருப்பி ரிப்பனைப் பாருங்கள். அங்கும் எழுத்து மங்கி, இறகு வரிகள் மட்டும் கூர்மையாக இருந்தால், அது அடியின் குறை. மொழுக்கான இடத்திலும் பளபளப்பு தொடர்கிறதா என்று விளக்கின் கீழ் சுழற்றுங்கள். தேய்ந்த இடம் சாம்பல் நிறமாகச் செத்துக் கிடக்கும். அடி குறைந்த இடத்தில் ஒளி சேர்ந்து சுழலும். ரகம் முதலில் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம்: அதே ஜோடியின் உயர்ந்த கிரேடு காசுகளின் படங்களைத் தேடி, அவற்றிலும் அதே இடம் மங்கலா என்று பார்த்துவிடலாம்.

அப்புறம், கழுவாதீர்கள். பல்பொடி, புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே திசையில் மயிர்க்கோடுகள் ஓடினால் யாரோ முன்பே தேய்த்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டிருந்தார்கள், கிரேடு போடும் நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தந்த காசை எப்படி எடை போடுவது என்று. முடியாது. பெட்டியை உடைக்கவும் வேண்டாம். சில பெட்டிகளில் காசை நாலு பக்கம் கொக்கிகள் பிடித்திருக்கும், இடையில் விளிம்பு எழுத்து தெரியும். மற்றதில் பெட்டியின் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, படம் இருந்தால் உங்கள் காசின் கீறலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.