கனி தஹிவாலாவைப் படிக்க ஒரு கஸல் போதும்

குஜராத்தி கஸல் பக்கம் வர ஆசைப்படும் தமிழர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்தான்: கனி தஹிவாலா. ‘கங்கை’ என்று சொல்லும்போது முதல் எழுத்து எப்படி ஒலிக்கிறதோ அப்படிச் சொல்ல வேண்டும். சூரத்தில் அவர் ‘கனிபாய்’. நான் இங்கே ரிங் ரோட்டு ஜவுளி மார்க்கெட்டில் கணக்கெழுதுகிறேன். எனக்குக் குஜராத்தி வந்தது பில் புத்தகத்திலும் பேரத்திலும்தான். அந்த அளவுகூடத் தெரியாதவர்களும் கனிபாயை ரசிக்க முடியும். அதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றில் தொடங்காதீர்கள். 1908-ல் சூரத்தில் பிறந்தார், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, தையல் தொழில், 1987-ல் மறைவு. இதைக் கேட்டதும் ‘ஒரு தையல்காரர் இப்படி எழுதினாரா!’ என்று வியந்துவிட்டுப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வியப்பு அவரைச் சிறிதாக்குகிறது. தையல் அவர் கவிதைக்குள் எப்படி வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை கேட்பது. ‘திவஸோ ஜுதாஈனா ஜாய சே’ என்ற அவருடைய கஸலை முகமது ரஃபி பாடியிருக்கிறார், இசை புருஷோத்தம் உபாத்யாய். அர்த்தம் தேடாமல் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘ஸுதீ’ என்ற ஒரு சொல் வந்து நிற்பது காதில் விழும் வரை கேளுங்கள். ‘வரை’ என்று பொருள். இப்போதைக்கு இந்த ஒரு சொல் தெரிந்தால் போதும்.

அடுத்து, முதல் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சீர் பிரியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, இதில் அவசரமே வேண்டாம்.

திவ ஸோ ஜுதா / இன ஜா யசே / எஜ ஷே ஜரூ / ரமி லன் ஸுதீ

அலகிட்டுப் பாருங்கள். நிரை, நேர், நிரை. அடுத்ததும் நிரை, நேர், நிரை. நான்கு சீரும் புளிமாங்கனி! குஜராத்திக்காரர்கள் இதையே ‘லலகாலகா’ என்று குறில் நெடில் கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். அரபு யாப்பில் ‘காமில்’ எனப்படும் சந்தம் இது. அரபு, பாரசீகம், உருது வழியாகக் குஜராத்திக்கு வந்த அளவு நம் வாய்பாட்டில் இவ்வளவு சுத்தமாக உட்காருவதைப் பார்த்த அன்று எனக்குக் கணக்கு வேலையே ஓடவில்லை. பள்ளியில் கடனே என்று படித்த தேமா புளிமா இங்கே பயன்படுகிறது, விடாதீர்கள்.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஜுதாஈனா’ என்பதன் கடைசி இரண்டு நெடிலும் ‘இன’ என்று குறுகிவிட்டன, ‘ஏ’ என்பது ‘எ’ ஆகிவிட்டது. தவறில்லை. சொல்லின் இறுதி நெடிலைச் சந்தத்துக்காகக் குறுக்கிச் சொல்ல குஜராத்தி கஸலில் இடம் உண்டு. நம்மிடம் ஐகாரக்குறுக்கம் இருப்பதால் இது புதிதாகத் தெரியாது. எங்கே குறுக்குவது என்று குழம்பினால் ரஃபியிடம் போங்கள், பாட்டில் அது தெளிவாகக் கேட்கும்.

பொருள் இப்போது: பிரிவின் நாட்கள் போகின்றன, அவை நிச்சயம் சேரும் நாள் வரை போகும், என் கையைப் பிடித்து என் பகைவர்களே என்னை என் சொந்தங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முதல் பாதி எந்தக் காதல் பாட்டிலும் வரும். ‘பகைவர்களே’ என்ற இடத்தில்தான் கவிஞர் தெரிகிறார்.

இந்தத் தொடக்க இரண்டடிக்கு ‘மத்லா’ என்று பெயர். இதில் இரண்டடியும் ஒரே மாதிரி முடியும்: மிலன் ஸுதீ, ஸ்வஜன் ஸுதீ. மாறாமல் வரும் ‘ஸுதீ’ ரதீஃப். அதற்கு முன்னால் ஓசை ஒத்து மாறும் சொல் காஃபியா. அடுத்து வரும் ஷேர்களில், அதாவது இரண்டடிக் கண்ணிகளில், இரண்டாம் அடியில் மட்டும் இது வந்தால் போதும். எதுகை மோனைக்கு அடியின் தலையைப் பார்த்தே பழகிய நாம், இங்கே இயைபைப் பார்ப்பது போல வாலைப் பார்க்க வேண்டும். ககன், மன், ஜீவன், நயன், கஃபன், அகன் என்று காஃபியாக்களைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். சமஸ்கிருதத்திலிருந்து வந்த ‘நயன்’ பக்கத்திலேயே அரபியிலிருந்து வந்த ‘கஃபன்’ சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும். சூரத் கடைத்தெருவில் இன்றும் கேட்கிற பேச்சு இப்படித்தான்.

அதன்பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஷேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதைபோல ஒன்றிலிருந்து ஒன்று தொடர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்து நின்று பொருள் முடிக்கும் முத்தகம். முதலில் படிக்க நான் கொடுப்பது இதை:

தமெ ராஜராணீனா சீர சம், அமெ ரங்க நாரனீ சூந்தடீ
தமெ பே கடீ ரஹோ அங்க பர், அமெ சாத் தஈஏ கஃபன் ஸுதீ

‘நீங்கள் ராஜராணியின் பட்டாடை போல, நாங்கள் ஏழைப் பெண்ணின் சூந்தடி. நீங்கள் உடம்பில் இருப்பது இரண்டு நாழிகை, நாங்கள் கஃபன் வரை துணை வருவோம்.’

கஃபன் என்றால் இறந்தவருக்குப் போர்த்தும் துணி. இந்த இடத்தில் தையல்காரர் உள்ளே வருகிறார். துணியை உடுத்திப் பார்ப்பவர்களுக்குப் பட்டு உயர்ந்தது. துணியோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு கணக்கு தெரியும்: பட்டு ஒரு விசேஷத்துக்கு வெளியே வந்து திரும்பப் பெட்டிக்குப் போய்விடும், சூந்தடி அடுப்படியிலும் வயலிலும் கூடவே இருக்கும். சூந்தடி பெரும்பாலும் சிவப்பில், புள்ளிப் புள்ளியாக முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய மேல்துணி. குஜராத்தில் சுமங்கலியாக இறந்துபோகிற பெண்ணுக்குச் சூந்தடி போர்த்தித்தான் அனுப்புவார்கள். கவிஞர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் ‘சூந்தடி’யும் ‘கஃபனும்’ ஒரே ஷேரில் வந்தால் கேட்கிற பெண்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது என்பது என் எண்ணம். இந்து வீட்டுப் பெண்ணின் துணியையும் முஸ்லிம் வீட்டுச் சொல்லையும் அவர் எந்தத் தையலும் தெரியாமல் சேர்த்திருக்கிறார். எங்கள் மார்க்கெட்டில் சூந்தடி பிரிண்ட் கட்டுக்கட்டாகப் போகும். இந்த ஷேர் மனப்பாடமான பிறகு அந்தக் கட்டை வெறும் சரக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

வாய்விட்டுச் சொல்லும்போது முதல் அடியை இரண்டு முறை சொல்லுங்கள், இரண்டாம் அடியை ஒரே முறை. கவிஞர்கள் கூடிக் கவிதை சொல்லும் முஷாயிராவில் சொல்கிற முறை அது. கேட்பவர் முதல் அடியில் காத்திருக்க வேண்டும், காஃபியா எங்கே வரப்போகிறது என்று ஊகிக்க வேண்டும், ‘கஃபன்’ என்று விழும்போதுதான் ‘வாஹ்’ வரும். மனசுக்குள் வாசித்தால் இது கிடைக்காது.

கடைசி ஷேர் ‘மக்தா’. நம் கீர்த்தனைகளில் முத்திரை வருவது போல இதில் ‘கனி’ என்ற பெயர் வரும். இதயத்தின் நெருப்பு அதிகமானபோது கடவுளே கருணை செய்தார், காற்று நெருப்பிடம் போகாதபடி யாரோ மூச்சை நிறுத்திவிட்டுப் போனார்கள் என்கிறார். சாவை ‘யாரோ செய்த உதவி’ என்று சொல்லும் இந்த அடக்கம் எனக்கு அவருடைய மொத்த எழுத்திலும் பெரிது. இதை விளக்க உட்காராதீர்கள், திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ஒரு கஸல் மனப்பாடம் ஆன பிறகு எழுத்து கற்றுக்கொள்ளுங்கள். இந்தி படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குஜராத்தி சீக்கிரம் வரும். தேவநாகரியின் மேல்கோடு இதில் இல்லை, சில எழுத்துகள்தான் வேறு. பிறகு தொகுப்புகளுக்குப் போகலாம்: 1953-ல் வந்த ‘காதாம் ஜரணாம்’, 1961-ல் ‘மஹேக்’, 1981-ல் ‘நிராந்த்’. வரிசையாகப் படித்தால் நல்லது. சூரத்துக்கு வருபவர்கள் கோட் தோட் ரோட்டிலுள்ள கவி நர்மத் மத்திய நூலகத்தில் ஒரு மதியம் உட்காருங்கள்.

குஜராத்தி கஸலின் வரலாறு வேண்டுமென்றால் நடியாத் ஊர்க் கவிஞர் பாலாசங்கர் கந்தாரியாவிலிருந்து (1858–1898) தொடங்கி, கவிஞர் ஷயதா வழியாக வரலாம். ஆனால் அதற்கு முன் இதே சூரத்தில் பிறந்த மரீஸ் (1917–1983) இருக்கிறார். ‘குஜராத்தின் காலிப்’ என்பார்கள். அவருடைய இந்த மத்லாவை வைத்து உங்களையே சோதித்துப் பாருங்கள்:

பஸ் ஏடலீ சமஜ் மனே பர்வர்திகார் தே
சுக் ஜ்யாரே ஜ்யாம் மளே த்யாம் பதானா விசார் தே

‘இறைவா, இவ்வளவு புத்தி மட்டும் கொடு: சுகம் எப்போது எங்கே கிடைத்தாலும் எல்லோரையும் பற்றிய நினைப்பைக் கொடு.’ ரதீஃப் எது, காஃபியா எது என்று கோடிடுங்கள். பிறகு அலகிடுங்கள். இதில் புளிமாங்கனி கிடைக்காது, முதல் சீரே தேமாங்கனி. மீதியை நீங்களே பிரித்துப் பாருங்கள்.