பூநாரைக் கூட்டத்தில் சிறு பூநாரை: அடையாளம் காண்பதும் பதிவு செய்வதும்

பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் நாம் வழக்கமாகப் பார்ப்பது பெரும் பூநாரை. குஜராத்தின் கட்ச் பகுதியில் கூடு கட்டும் சிறு பூநாரை இந்தப் பக்கம் எப்போதாவதுதான் தலைகாட்டும். அதனால் கூட்டத்தில் ஒன்று மட்டும் குட்டையாகத் தெரிந்தாலே கை பரபரக்கும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் கணக்கு இருக்கிறது, பைனாகுலர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: அலகைப் பாருங்கள்

உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பெரும் பூநாரை ஐந்தடி வரை நிற்கும், சிறியது மூன்றடியைத் தாண்டாது என்பதெல்லாம் சரிதான். ஆனால் பெரும் பூநாரையிலேயே பெண் பறவை ஆணைவிட நன்றாகக் குட்டை. நிறமும் அப்படித்தான்: சிறியது கூடுதல் சிவப்பு என்பார்கள், சாயங்கால வெயிலில் எல்லாமே சிவப்புதான்.

அலகுதான் ஆதாரம். பெரும் பூநாரைக்கு வெளிர் ரோஜா நிற அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அடியிலிருந்தே அடர்ந்த கருஞ்சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கக் கறுப்பாகவே தெரியும்.

படி 2: இளம் பறவையா என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது, கொஞ்சம் நின்று போவோம். பெரும் பூநாரையின் இளம் பறவை அழுக்குச் சாம்பலாக, கால் கறுத்து, பக்கத்தில் நிற்கும் பெரியவற்றைவிடச் சிறியதாக இருக்கும். முழு நிறம் வர ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அலகிலும் ரோஜா நிறம் இருக்காது, ஆனால் அடிப்பகுதி வெளிர் சாம்பல், நுனி கறுப்பு என்ற பிரிவு தெளிவாகத் தெரியும். அந்தப் பிரிவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பெரும் பூநாரைதான்.

இன்னொரு வில்லங்கம் சேறு. அப்போதுதான் சேற்றிலிருந்து தலையைத் தூக்கிய பறவையின் அலகு முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அது தண்ணீரில் அலகை அலசும்வரை காத்திருங்கள். அதற்குள் இரை தேடும் விதத்தையும் கவனிக்கலாம்: பெரியது தலையை ஆழமாக முக்கி, காலால் சேற்றை மிதித்துக் கலக்கும், சிறியது பெரும்பாலும் நீர்மட்டத்திலேயே அலகை வைத்து நுண்பாசியை வடிகட்டும்.

படி 3: படம்

காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு உப்பளப் பக்கம் கானல் கிளம்பினால் எந்த லென்ஸும் உதவாது. ஆரம்பத்திலேயே பெரிய லென்ஸுக்குக் கடன் வாங்க வேண்டாம். நிகான் பி950 மாதிரி ஜூம் கேமரா போதும் என்பது என் கட்சி. வெள்ளைப் பறவை வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். அழகான ஒற்றைப் படத்தைவிட, சந்தேகப் பறவையும் சாதாரணப் பூநாரையும் ஒரே சட்டத்தில் நிற்கும் சுமாரான படம்தான் பெரிய சாட்சி. அரை நிமிட வீடியோவும் எடுத்துவையுங்கள். கிட்டே போகாதீர்கள், ஒன்று கிளம்பினால் கூட்டமே கிளம்பிவிடும்.

படி 4: இ-பேர்ட்

பட்டியலை அங்கேயே தொடங்குங்கள். அதில் சிறு பூநாரையின் பெயர் தெரியாவிட்டால் அரிய பறவைகளையும் காட்டும் வசதியை இயக்குங்கள். அப்புறம் குறிப்பு எழுதக் கேட்கும். ‘தெளிவாகப் பார்த்தேன், படம் இருக்கிறது’ என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்படி எழுதலாம்:

“பெரும் பூநாரைகளின் நடுவே ஒன்று. அவற்றின் முக்கால் உயரம்கூட இல்லை. அலகு அடி முதல் நுனி வரை ஒரே கருஞ்சிவப்பு, வெளிர் பகுதி இல்லை. நீர்மட்டத்தில் இரை தேடியது. வெயில் முதுகுப் பக்கம், தெளிவான பார்வை.”

சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். கேள்வி கேட்டு மின்னஞ்சல் வந்தால் கோபப்படாமல் பதில் போடுங்கள். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி சொன்னது என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: படம் ஏற்றியும் தேதி தப்பாகக் காட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் கேமரா கடிகாரத்தைப் பாருங்கள். அது சரி என்றால், படம் வாட்ஸ்அப் வழியாக வந்ததா என்று பாருங்கள். அங்கே படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் அழிந்துவிடும். மெமரி கார்டில் இருக்கும் அசல் கோப்பையே ஏற்றுங்கள். வெட்டுவதாக இருந்தால் அதன் நகலில் வெட்டுங்கள்.