பெரிய ரைபிளில் சப்ரஸரா? முதலில் நீளத்தைப் பாருங்கள்

ஆப்பிரிக்க எருமை போன்ற ஆபத்தான விலங்கை வேட்டையாடப் போகிறவர்கள், குழல் முனையில் சத்தத்தைக் குறைக்க மாட்டும் சப்ரஸரை மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மாட்டலாம். ஆனால் சினிமாவில் வருகிற 'புஸ்' சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெரிய ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். நல்ல சப்ரஸர் அதில் 20 முதல் 30 வரை குறைக்கும். ஒலியை விட வேகமாகப் போகும் குண்டின் 'பட்' என்ற வெடிப்போசை அப்படியே இருக்கும். அதனால் காதுக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

உண்மையான லாபம் வேறு. உதைப்பு தணியும். சுட்ட பிறகும் காது அடைக்காது; அடிபட்ட எருமை புதருக்குள் எங்கே மூச்சு விடுகிறது, தடம் பார்ப்பவர் என்ன சொல்கிறார் என்பது கேட்கும். அந்த நேரத்தில் அதுதான் உயிர்.

சிக்கல் நீளம்தான். குழல் முனையில் இன்னும் ஒரு சாண் சேர்ந்தால், அடர்ந்த புதரில் பாயும் விலங்கை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பவே நேரமாகும். குட்டைக் குழல் இருந்தால் மட்டும் மாட்டுங்கள் என்பேன். இரட்டைக்குழல் ரைபிளா? சரி, ஆசையை விட்டுவிடுங்கள்.

அப்புறம், சப்ரஸர் மாட்டினால் குண்டு படும் இடம் நகரும். எப்படி வேட்டைக்குப் போவீர்களோ அப்படியே மாட்டி, அதே தோட்டாவில் குறி சரிபாருங்கள். தடித்த சப்ரஸர் இரும்புக் குறிகாட்டியை மறைக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் நுழையும் முன் மரை இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஒரு திருகு. குண்டுகளை இறக்கிவிட்டுத்தான்.